கண்டவன் கடன்

மெய்யைக் கண்ட ஒருவனுக்கு, அதனைக் காணாதவர்கள்பால் கடன் ஏதும் உண்டா? இவ்வினா மிகப் பழையது. தத்துவவாதிகள் இதனைத் தருக்கமுறையிலே கேட்டிருக்கின்றனர். ஞானியர் தம் வாழ்க்கையாற் கேட்டிருக்கின்றனர். கதாசிரியர்கள் பாத்திரங்களைப் படைத்து அவர்கள் வாயிலாகக் கேட்டிருக்கின்றனர். மலையேறிச் சிகரத்தை அடைந்தவர்களின் பெருமையை உலக இலக்கியம் நிறையவே பேசுகின்றது. ஏறியவன் இறங்க வேண்டுமா, இறங்குவதாயின் எக்கோலத்திலே இறங்க வேண்டும் என்பவற்றைப் பேசும் நூல்கள் சிலவே. அவற்றுள் ஐந்தினை எடுத்துக்கொண்டு இவ்வினாவை இங்கு ஆராய முனைகின்றோம்.

நம்மிடையே இதற்கு இரண்டு சுலபமான விடைகள் வழங்குகின்றன. ஆன்ம ஈடேற்றமே மனிதப் பிறவியின் பயன், உலகத்தைத் திருத்துவது உலகத்தைப் படைத்தவன் வேலை என்பது ஒன்று. ஞானம், தியானம், தனிமை எல்லாமே சுரண்டும் வர்க்கத்தார் விரித்த வலை, அவற்றைப் பேசும் நூல்களைத் திறந்தும் பார்க்க வேண்டியதில்லை என்பது மற்றையது. முதலாவது விடை மனிதனை மறக்கின்றது. இரண்டாவது விடை, சமயத்தைக் கடுமையாக விமர்சித்த மார்க்ஸ்தாமே 1844 ஆம் ஆண்டில் அதனுள் மக்களின் உண்மைத் துன்பமும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடும் உறைந்திருக்கின்றன என்று கண்டதை மறக்கின்றது. நூல்களைத் திறந்து பார்ப்பதே நமக்கு ஏற்றது.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலின் ஏழாம் பகுதியிலே ஒரு குகையை வருணிக்கின்றார். சிறுவயது முதற் கழுத்திலும் காலிலும் விலங்கிடப்பட்ட மனிதர் சிலர் அங்கே சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பின்னே தீ எரிகின்றது. தீக்கும் அவர்களுக்கும் இடையேயுள்ள பாதையிலே வேறு சிலர் மரத்தாலும் கல்லாலும் செய்த உருவங்களைத் தூக்கிச் செல்கின்றனர். அவற்றின் நிழல்கள் சுவரில் விழுகின்றன. கைதிகள் அந்நிழல்களையே உலகம் என நம்புகின்றனர். அவர்களுள் ஒருவன் விலங்கு நீக்கப்பட்டுக் கரடுமுரடான ஏற்றத்தின் வழியே வெளியே இழுத்துச் செல்லப்படுகின்றான். முதலில் அவன் கண் கூசுகின்றது. பின்னர் நீரிலே தெரியும் பிம்பங்களையும், பொருள்களையும், இரவு வானத்தையும், ஈற்றிலே சூரியனையும் காண்கின்றான்.

இக்கதையைச் சொல்பவர் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுவர். பிளேட்டோ நிறுத்தவில்லை. வெளியே சென்றவன் குகைக்குள் மீண்டால், இருளுக்குப் பழகாத அவன் கண் தடுமாறும். நிழல்களை எண்ணுவதில் வல்லவர்களான பழைய தோழர்கள் அவனை எள்ளி நகையாடுவர். அவர்களை விடுவிக்க அவன் முயன்றால், கைக்கு எட்டுமாயின் கொன்றும் விடுவர். கி.மு. 399 இல் ஏதென்ஸ் நகரம் சோக்கிரட்டீசுக்கு நஞ்சூட்டியதை நேரில் அறிந்த மாணவர் எழுதிய வரிகள் இவை. இவ்வளவு ஆபத்து இருந்தும், கண்டவன் இறங்கியே ஆக வேண்டும் என்று பிளேட்டோ விதிக்கின்றார். நல்வாழ்வைக் கண்டவனை இழிந்த வாழ்வுக்கு இழுப்பது அநீதி ஆகாதா என்று கிளௌக்கன் என்னும் இளைஞன் கேட்கின்றான். அதற்கு அளிக்கப்படும் விடை ஆழமானது. ஏனைய நகரங்களிலே தத்துவவாதிகள் எவருடைய உதவியுமின்றித் தாமாக முளைக்கின்றனர்; அவர்கள் எவருக்கும் கடன்பட்டவரல்லர். இந்நகரத்திலோ அவர்களை ஊட்டி வளர்த்தது நகரம். வளர்ப்புக் கூலியை அவர்கள் செலுத்தவே வேண்டும்.

கண்டவனின் கடமையைக் கருணையின் மேல் நிறுத்தாமற் கடனின் மேல் நிறுத்தியது பிளேட்டோவின் பெருஞ்சாதனை. கருணை என்பது கொடுப்பவன் விருப்பம், கடன் அப்படியன்று. ஆயினும் அவர் கணக்கிலே பெரியதொரு குறை உண்டு. அவருடைய ஞானி இறங்கி வருவது ஆள்வதற்காக. குகையில் உள்ளவரிடமிருந்து அவன் கற்றுக்கொள்வதற்கு எதுவும் இல்லை. மேலும், ஏதென்ஸ் நகரத்துச் சிந்தனையாளருக்கு ஓய்வையும் உணவையும் அளித்தவர் யாவர் என்ற கேள்வி அங்கே எழுப்பப்படவில்லை. அந்நகரின் செல்வத்தில் ஒரு பெரும் பங்கு இலாவுரியோன் வெள்ளிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அச்சுரங்கங்களிலே ஆயிரக்கணக்கான அடிமைகள் நிலத்துக்கடியில் உழைத்தனர். பிளேட்டோவின் குகை கற்பனை. இலாவுரியோன் சுரங்கம் கற்பனையன்று. வளர்ப்புக் கூலி செலுத்தப்பட வேண்டிய முகவரிகளுள் அதுவும் ஒன்று.

பிளேட்டோவுக்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தலூசியாவிலே இதே வினாவுக்கு மறுதலையான விடை கிடைத்தது. கிரனடாவுக்கு அண்மையிலே பிறந்து, அல்முவஹ்ஹித் கலீபாவின் அரண்மனை வைத்தியராய் விளங்கி, 1185 இல் மறைந்தவர் இப்னு துபைல். அவர் அரபு மொழியில் எழுதிய ‘ஹைய் இப்னு யக்ழான்’ தத்துவமும் ஞானமார்க்கமும் கதையும் ஒன்றாய்க் கலந்த அரிய படைப்பு. தலைப்புக்கு ‘விழித்திருப்பவனின் மகனாகிய உயிருள்ளவன்’ என்று பொருள். 1671 இல் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டதன் மூலம் ஐரோப்பிய அறிஞரிடையே அது பரவலாகப் படிக்கப்பட்டது.

இந்தியத் தீவுகளுள் ஒன்றாகச் சொல்லப்படும், மனித வாசனையற்ற ஒரு தீவிலே ஹைய் என்னும் குழந்தையை ஒரு மான் பாலூட்டி வளர்க்கின்றது. மான் இறந்தபோது, அதனை விட்டு நீங்கியது எது என அறியும் ஆவலால் அவன் அதன் உடலை அறுத்துப் பார்க்கின்றான்; இதயத்திலே ஓர் அறை வெறுமையாய் இருக்கக் காண்கின்றான். அங்கே தொடங்கும் ஆராய்ச்சி தீ, தாவரம், விலங்கு, விண்மீன் என விரிந்து, மூலப்பொருளைத் தியானத்திலே தரிசிப்பதில் முடிகின்றது. ஆசிரியன் இல்லை, நூல் இல்லை, மொழிகூட இல்லை. அயல்தீவிலிருந்து தனிமையை நாடி வந்த அப்ஸால் என்பவன் அவனுக்கு மொழியைக் கற்பிக்கின்றான். அவ்வயல்தீவிலே மனிதர் சமயத்தின் வெளித்தோற்றங்களோடு அமைந்து வாழ்கின்றனர் எனக் கேட்ட ஹைய், அவர்களுக்கு மெய்யை உரைக்கப் புறப்படுகின்றான். அத்தீவின் தலைவன் ஸலாமானும் அவனைச் சேர்ந்தோரும் முதலில் வரவேற்கின்றனர். ஹைய் சற்று ஆழமாகப் பேசத் தொடங்கியதும் முகம் சுளிக்கின்றனர். மனிதரிற் பெரும்பாலோர் இதற்கு இலாயக்கற்றோர் என்று அவன் முடிவு செய்கின்றான். தான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு, பழைய விதிகளையே இறுகப் பற்றிக்கொள்ளுங்கள் எனக் கூறி, அப்ஸாலுடன் தன் தீவுக்கே திரும்பிவிடுகின்றான்.

இம்முடிவை நாம் எளிதிலே பழித்துவிடலாகாது. இப்னு துபைல் வாழ்ந்த உலகம் அவருக்கு அவ்வாறு கற்பித்தது. அவர் கலீபாவுக்கு அறிமுகப்படுத்திய மாபெரும் தத்துவஞானி இப்னு ருஷ்த் 1195 இல் நாடு கடத்தப்பட்டார். அவருடைய நூல்கள் தீயிலிடப்பட்டன. எனினும் ஹையின் முடிவிலே அடங்கியுள்ள கருத்து ஆபத்தானது. சிலருக்கு மெய், பலருக்குச் சடங்கு என உலகம் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. ஒரு தீவு மக்களைச் சிறிது காலம் சந்தித்தவன் மனித குலத்தின் தகுதியையே நிர்ணயித்துவிடுகின்றான். பாடம் விளங்காத மாணவர்களைப் பார்த்து ‘இவர்களுக்கு மூளை இல்லை’ என்று கைகழுவும் ஆசிரியனை நாம் அறிவோம். அவன் ஹையின் வழித்தோன்றலே.

இதே ஐயம் புத்தருக்கும் எழுந்ததென்று பாளி விநய பிடகத்தின் மகாவக்கம் கூறுகின்றது. இந்நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டிலே மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏட்டிலே எழுதப்பட்டன என்பது இந்நாட்டு மரபு. தாம் கண்ட தருமம் நுண்ணியது, பற்றில் மூழ்கிய மக்களுக்கு அது விளங்காது, உரைப்பது வீண் களைப்பே என்று புத்தர் தயங்குகின்றார். பிரமன் வந்து வேண்ட, அவர் உலகை மறுமுறை நோக்குகின்றார். தாமரைக் குளத்திலே சில மொட்டுக்கள் நீருக்கடியிலும், சில நீர்மட்டத்திலும், சில நீருக்கு மேலும் நிற்பது போல மனிதரும் பலவகையினர் என உணர்கின்றார், உபதேசிக்கத் துணிகின்றார். ஹைய் மக்களை ஒரே திரளாய்க் கண்டான். புத்தர் அவர்களை வேறு வேறு மொட்டுக்களாய்க் கண்டார். இருவர் முடிவும் வேறுபட்டமைக்குக் காரணம் இப்பார்வை வேறுபாடே எனலாம்.

ஐரோப்பிய நாவலிலக்கியம் இவ்வினாவை அரண்மனையிலிருந்தும் ஆசிரமத்திலிருந்தும் வீட்டின் சமையலறைக்கு இறக்கிவிட்டது. டால்ஸ்டாய் 1890களில் எழுதி, அவர் மறைவின் பின்னர் 1911 இல் வெளிவந்த ‘பாதிரியார் செர்கியஸ்’ என்னும் கதையை இங்கு கருதுகின்றோம். இளவரசன் கசாத்ஸ்கி படை அதிகாரி. தனக்கு மனைவியாக வரவிருந்தவள் சார் மன்னனின் ஆசைநாயகியாக இருந்தவள் என்பதை அறிந்ததும், திருமணத்தை உதறி மடம் புகுகின்றான். துறவியாகி, குகைவாசியாகி, தன்னை மயக்க வந்த பெண்ணின் முன் நிலைகுலையாதிருக்கத் தன் விரலையே வெட்டிக்கொள்கின்றான். அவன் புகழ் பரவுகின்றது. நோயாளரும் யாத்திரிகரும் திரள்கின்றனர். மடத்துக்கு வருமானம் பெருகுகின்றது. உள்ளே ஊற்று வற்றுவதை அவன் உணர்கின்றான். கடைசியிலே ஒரு வணிகனின் மகளிடம் தவறிழைத்து, இரவோடிரவாக ஓடிவிடுகின்றான்.

ஓடியவன் சென்றடைவது, சிறுபிராயத்திலே எல்லோரும் கேலி செய்த பாஷெங்கா என்னும் உறவுக்காரியின் வீட்டை. அவள் இப்போது முதியவள். சங்கீதப் பாடம் சொல்லிக் கொடுத்து, மகளையும் நோயாளியான மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் காப்பாற்றுகின்றாள். கோயிலுக்குப் போக நேரமில்லை, போட்டுக்கொள்ள நல்ல உடையில்லை என வெட்கப்படுகின்றாள். தான் பெரிதாய் ஏதும் செய்வதாக அவள் எண்ணவில்லை. அவளைக் கண்டபோதுதான், கடவுளுக்காக என்று சொல்லிக்கொண்டு மனிதரின் புகழுக்காகவே தான் வாழ்ந்ததைச் செர்கியஸ் உணர்கின்றான். பின்னர் நாடோடியாகிப் பிடிபட்டுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஒரு விவசாயியின் தோட்டத்தில் வேலை செய்து, பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்து, நோயாளரைப் பராமரித்து வாழ்கின்றான்.

இங்கே ஓர் அடிப்படையான மாற்றம் நிகழ்ந்திருக்கின்றது. பிளேட்டோவின் ஞானி கொடுக்க இறங்குகின்றான். ஹையும் கொடுக்கவே போகின்றான். செர்கியசோ கற்றுக்கொள்ள இறங்குகின்றான். உச்சியிலே தேடியது அடிவாரத்திலே, ஓர் ஏழைப் பெண்ணின் அன்றாட உழைப்பிலே இருக்கக் காண்கின்றான். டால்ஸ்டாய் இதனை வெறும் கதையாக எழுதவில்லை. யாஸ்னயா போல்யானாவிலே விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் அவர். 1891-92 பஞ்சத்தின்போது கிராமங்களிலே கஞ்சிக்கூடங்கள் அமைத்து உழைத்தவர். அவருடைய சமயக் கருத்துக்களோடு நாம் முரண்படலாம். தனிமனிதத் திருத்தத்தை மட்டுமே நம்பி, நிலவுடைமை அமைப்பை மாற்றும் கூட்டுப் போராட்டத்தை அவர் ஏற்காதது பெரிய குறையே. ஆயினும் மக்களிடம் செல்லும் படித்தவன் முதலிலே மாணவனாகச் செல்ல வேண்டும் என்னும் பாடத்தை அவரிடம் நாம் கற்கலாம்.

இனி, ஏறாமலே விலகிச் செல்பவர்களின் கதை ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 1973 இல் வெளியிட்ட சிறுகதை ஒன்று, ஒமெலாஸ் என்னும் நகரைப் பற்றியது. அங்கே மன்னன் இல்லை, அடிமை இல்லை, எங்கும் மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நிலவறையிலே, அழுக்கிலும் இருளிலும், ஒரு குழந்தை பூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதனிடம் ஓர் அன்பான சொல்லும் சொல்லக்கூடாது. நகரத்தார் அனைவருக்கும் இது தெரியும். எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையே பிள்ளைகளுக்கு இது அறிவிக்கப்படுகின்றது. அவர்கள் அழுகின்றனர், கொதிக்கின்றனர், காலப்போக்கிலே சமாதானமடைகின்றனர். சிலர் மட்டும் பேசாமல், ஒவ்வொருவராக, நகரத்தை விட்டு நடந்து போய்விடுகின்றனர். இவ்வொழுக்க வினாவை வில்லியம் ஜேம்ஸ் என்னும் தத்துவவாதி 1891 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றிலே எழுப்பியிருந்தார்.

விலகிச் செல்வோரை நாம் மதிக்கின்றோம். ஒருவரின் துன்பத்தின் மேல் கட்டப்பட்ட இன்பத்தை உண்ண மறுப்பது சிறிய செயலன்று. ஆனால் அவர்கள் சென்ற பின்னரும் குழந்தை நிலவறையிலேயே இருக்கின்றது. விலகியவனின் கை சுத்தமாயிற்று. குழந்தையின் கட்டு அவிழவில்லை. இது துறவின் பழைய சிக்கலே, புதிய உடையில். என். கே. ஜெமிசின் என்னும் கறுப்பின எழுத்தாளர் 2018 இல் இதற்கு விடையாக, விலகாமல் நின்று போராடுவோரைப் பற்றி ஒரு கதை எழுதினார். அக்கதையின் நல்ல நகரமோ தன்னைக் காத்துக்கொள்ளக் கொலையும் செய்கின்றது. நின்று போராடுவதும் தூய கைகளை உறுதிசெய்வதில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. புரட்சியைப் பேசும் நாமும் அதனை மறைத்தலாகாது.

இவ்வினாவுக்குத் தமிழிலக்கியம் தந்த விடை ஒன்று உண்டு. ‘மணிமேகலை’யிலே வரும் ஆபுத்திரன் கதையைப் படிக்கும்போது அது ஹையின் கதைக்கு எதிரே வைத்த கண்ணாடி போலத் தோன்றுகின்றது. ஒன்றிலிருந்து மற்றையது பிறந்தது என நாம் கூறவில்லை; ஒற்றுமை வியப்பூட்டுகின்றது என்று மட்டுமே கூறுகின்றோம். தாய் கைவிட்ட குழந்தையை ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தமையால் அவன் ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை விடுவித்தமையால் ஊரிலிருந்து துரத்தப்படுகின்றான். மதுரையிலே பிச்சையெடுத்து, பார்வையற்றோருக்கும் நடக்கவியலாதோருக்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்கின்றான். சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத அமுதசுரபியை அளிக்கின்றாள். வரம் கொடுக்க வந்த இந்திரனையும் அவன் நகைத்து அனுப்புகின்றான். சினந்த இந்திரன் பாண்டிநாட்டிலே வளத்தைப் பெருக்கிவிட, உண்ண வருவோர் இல்லாமற் போகின்றனர். சாவக நாட்டிலே பஞ்சம் எனக் கேட்டுக் கப்பலேறுகின்றான். வழியிலே மணிபல்லவத் தீவிலே இறங்கியபோது, கப்பல் அவனை விட்டுச் சென்றுவிடுகின்றது. மணிபல்லவத்தை நயினாதீவு எனக் கொள்வோர் பலர்.

அங்கேதான் அந்த வினா உச்சநிலையை அடைகின்றது. ஆளில்லாத தீவு; கையிலே வற்றாத பாத்திரம். ஹையைப் போல் அவனும் அங்கே நெடுங்காலம் நிறைவாக வாழ்ந்திருக்கலாம். ஆபுத்திரன் அதற்கு உடன்படவில்லை. பல உயிரை ஓம்பும் பாத்திரத்தைக் கொண்டு தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப அவன் மனம் ஒப்பவில்லை. உயிர்களைப் பேணும் ஒருவர் கைக்கு அது சேர்க என வேண்டி, கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கின்றான். பகிர்வதற்கு மனிதரில்லாத இடத்திலே ஞானமும் செல்வமும் பொருளற்றவை என்பதே இதன் கருத்து. பின்னர் அப்பாத்திரம் மணிமேகலையின் கையை அடைகின்றது. அவள் அதனோடு சிறைச்சாலையுள்ளும் நுழைகின்றாள். கைதிகளின் பசி தீர்க்கின்றாள். சோழ மன்னன் வரம் கேள் என்றபோது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குக எனக் கேட்டுப் பெறுகின்றாள். பிளேட்டோவின் கைதி விலங்குடைத்து வெளியே செல்கின்றான். மணிமேகலை வெளியிலிருந்து உள்ளே வந்து சிறையையே இல்லாமற் செய்கின்றாள். பசி ஏன் உண்டாகின்றது என்ற கேள்வியைக் காப்பியம் வினைப்பயனிடம் ஒப்படைத்துவிடுகின்றது. அதனை நாம் ஏற்கவியலாது. ஆயினும் அவள் கேட்ட வரம் பிச்சையைக் கடந்தது. ஒரு நிறுவனத்தின் இயல்பையே மாற்றக் கோரியது.

இவ்வைந்து நூல்களையும் சேர்த்து நோக்குமிடத்து நமக்குப் புலனாவது என்ன? தனியொருவன் தானாக மெய்யைக் கண்டான் என்பது முழுமையான உண்மையன்று. ஹைய்கூட ஒரு மானின் பாலைக் குடித்தே வளர்ந்தான். பேச்சை இன்னொரு மனிதனிடமே கற்றான். அறிவு எங்கே உதித்தாலும் அதன் பின்னே பிறர் உழைப்பு உண்டு. ஆகவே கண்டவன் கடனாளி. தனிமை அவனுக்குத் தேவைப்படலாம். ஏட்டோடும் சிந்தனையோடும் ஒதுங்கியிராமல் எவரும் எதையும் காணமுடியாது. ஒதுங்கிய காலத்தைக் கடனாகப் பெற்றோம் என்பதை மட்டும் அவன் மறத்தலாகாது.

இந்நாட்டிலே இவ்வுண்மை வெறும் தத்துவமன்று. 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாகக் குடிசையிலே பிறந்தோர் பல்கலைக்கழகம் வரை ஏறினர். இலவசம் என நாம் சொல்லும் அக்கல்விக்கு எவரோ விலை கொடுத்தனர். அக்காலத்திலே நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும்பகுதி தேயிலையாலும் றப்பராலும் தெங்காலும் வந்தது. மலைச்சரிவிலே கொழுந்து பறித்த பெண்ணின் விரல்கள் ஈட்டிய பணத்தில் ஒரு பங்கு நம் வகுப்பறைகளாயிற்று. அவளுடைய பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஏடு திறந்த பிள்ளைக்கு மலையகத்துப் பிள்ளை கடன் கொடுத்தது. நகரம் வளர்த்தவனிடம் வளர்ப்புக் கூலி கேட்ட பிளேட்டோவின் நியாயம் இங்கே நம் முகத்துக்கு நேரே நீட்டப்படுகின்றது.

அக்கடனைச் செலுத்தும் முறையையும் இந்நூல்கள் உணர்த்துகின்றன. ஆள்பவனாகச் செல்லாமலும், முதல் ஏமாற்றத்திலே மக்களைச் சபித்துத் திரும்பாமலும், கை கழுவி விலகாமலும் நாம் செல்ல வேண்டும். பாஷெங்காக்களிடம் கற்கும் பணிவும், சிறையின் இயல்பையே மாற்றக் கோரும் துணிவும் ஒருங்கே வேண்டும். பணிவு மட்டும் இருப்பின் அது தருமமாகச் சுருங்கும்; துணிவு மட்டும் இருப்பின் அது புதியதோர் ஆட்சியாக இறுகும். அமுதசுரபி நம் கையில் இல்லை. எழுத்தும் எண்ணும், கேள்வி கேட்கும் பழக்கமும் இருக்கின்றன. அவையும் அள்ளக் குறையாதவையே. கற்ற பிள்ளைகள் ஏறிச் செல்வதையே வெற்றியென எண்ணுவது நம் பள்ளிகளின் வழக்கம். அவர்களுள் எத்தனைபேர் எந்தக் கோலத்திலே திரும்பி வந்தனர் என்பதையும் ஆசிரியர்களும் மாணவர்களும் கணக்கெடுக்கத் தொடங்குவோமாக.